திர்சாளின் குரலை வைத்திருந்த வாலாட்டி

நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்திவிட்டு, கங்குச் சட்டியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்காருங்கள். இந்தக் கதையைச் சத்தம் போட்டுச் சொல்லக்கூடாது, போட்டால் இதில் வருகிற குருவிகள் கலைந்துவிடும்.

மலைக்கு மேலே, கொண்டை ஊசி வளைவெல்லாம் முடிந்து பஸ் பெருமூச்சு விட்டு நிற்கிற இடத்தில், வில்லம்பாறை என்று ஓர் ஊர். கேரட்டும் பூண்டும் விளைகிற ஊர். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அந்த ஊரில் மாசிப்பனி மச்சைத் துளைத்து, கம்பளியைத் துளைத்து, எலும்புக்குள் புகுந்து குடித்தனம் நடத்தும். கல்லால் கட்டின கோயில் ஒன்று அங்கே உண்டு. அந்த மாதத்தில் கோயிலுக்குள் நின்றால் பல் கிட்டிப்போகும் என்பதால், பாடகர் குழுவை நடத்துகிற ஜோதிமாணிக்கம் சார் பெரிய வெள்ளிக்கான பாட்டுப் பயிற்சியை ஆயர் வீட்டுத் தோட்டத்தில், வெயில் விழுகிற பேரிக்காய் மரத்தடியில்தான் வைத்துக்கொள்வார்.

அப்படி ஒரு சனிக்கிழமை. காற்று அசையவில்லை. மரத்தில் இலை ஒன்றுகூட இல்லை, பூ மட்டும் வெள்ளையாய் அப்பிக் கிடந்தது, பூவுக்குள் குருவிகள் பேசாமல் உட்கார்ந்து வெயில் காய்ந்தன. சார் கையைத் தூக்கினார். எல்லோரும் வாயைத் திறந்தார்கள். வாயிலிருந்து ஆவி வந்தது, பாட்டு வரவில்லை. பாட்டு மரத்திலிருந்து வந்தது. முதல் குரல் பாடுகிற கிருபாவதியின் குரல் உச்சிக் கிளையில் இருந்த கொண்டைக்குருவியிடமிருந்தும், எபனேசரின் குரல் ஒரு வெள்ளைக்கண்ணியிடமிருந்தும், மூட்டை தூக்குகிற பொன்னையாவின் பானைக்குள் பேசுகிற மாதிரியான கட்டைக்குரல் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு தேன்சிட்டிடமிருந்தும் வந்தது. சார் கையை நிறுத்தவில்லை. பாட்டு முடிகிறவரை வீசிவிட்டு, "எபனேசர், மூணாவது அடியில இழுக்குற," என்று வெள்ளைக்கண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

பேச்சு அவரவரிடமே இருந்தது. பாட்டு மட்டும் இடம் மாறிப் போயிருந்தது. ஏன் போனது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குளிர் என்றார்கள், லெந்து நோன்பு நாளில் கறி தின்றவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை. கேரட்டுக்குத் தண்ணீர் கட்டுகிற நேரமாகிவிட்டது, போய்விட்டார்கள்.

ஆனால் ஊர் அதற்கேற்ற மாதிரி தன்னை மடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலின் ஜன்னலெல்லாம் திறந்து வைத்தார்கள், ஆயர் ஜெபம் சொல்லச் சொல்லத் தோட்டத்திலிருந்து பாட்டு வந்தது. பொன்னையா சட்டைப்பையில் சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு தன் தேன்சிட்டு பின்னாலேயே திரிந்தான். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள், "உன் குருவி எதுப்பா," என்று அவனைக் கேட்பதும், அவன் காட்டுவதும், அவர்கள் அவனை ஏற இறங்கப் பார்ப்பதும் தினப்படி வழக்கமானது. டீக்கடை காசிம் பாய் தன் கடைப் பூனையை அவராகவே கயிற்றில் கட்டினார். "எனக்கு அதுல பங்கில்ல. நாளைக்கு எதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் பூனைதான் கிறிஸ்தவங்க பாட்டைத் தின்னுடுச்சும்பீங்க," என்றார்.

திர்சாளின் குரல் போய்ச் சேர்ந்தது ஒரு வாலாட்டியிடம். ஆயர் தோட்டத்துத் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் ஒரு வாய்க்காலாகத் திர்சாள் வீட்டுக் கொல்லை வழியே போகும். அந்த வாய்க்காலோரம் வயிற்றில் மஞ்சள் பூசிக்கொண்டு, நிற்கும்போதும் வாலை ஆட்டி, யோசிக்கும்போதும் வாலை ஆட்டி நடக்கிற குருவி. திர்சாள் இரண்டாம் குரல் பாடுகிறவள். இரண்டாம் குரல் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது, தொலைந்துபோன ஆட்டை யாரோ அவசரமில்லாமல் தேடிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். அது தானாகத் தொடங்கவும் தொடங்காது. முதல் குரல் ஓர் அடி எடுத்து வைத்த பிறகுதான் உள்ளே வரும். வாலாட்டியும் அப்படித்தான் செய்தது. உச்சிக் கிளையில் கொண்டைக்குருவி தொடங்கினால் கீழே தொட்டியோரம் அது சேர்ந்துகொள்ளும், கொண்டைக்குருவி வாயை மூடினால் அதுவும் மூடிக்கொள்ளும்.

மற்றவர்களுக்கெல்லாம் போனது பாட்டு. திர்சாளுக்குப் போனது புருஷனுடைய கஞ்சி.

அவள் புருஷன் அருமைநாயகம் அதே குழுவில் பொன்னையாவுக்குப் பக்கத்தில் நின்று கட்டைக்குரல் பாடியவர். அறுப்பின் பண்டிகை முடிந்த மறுநாள் கேரட் மூட்டைக்குக் குனிந்தவர் நிமிரவில்லை. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது, தொண்டை விழுங்க மறந்துவிட்டது. கீழே ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். இடது கையால் பிடுங்கி எறிந்தார், மறுபடி விட்டார்கள், மறுபடி எறிந்தார், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் வைத்து வாயில் ஊற்றின கஞ்சி வாயோரமாக வழிந்து தலையணையை நனைத்தது. வழித்துத் துடைத்துக்கொண்டே திர்சாள் துக்கத்தில் தன்னையறியாமல் தன் பாட்டைப் பாட, அவள் அடியை முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் அவர் தொண்டை ஏறி இறங்கியது. கல்யாணமான நாள் முதலாகக் கோயிலில் அவள் மூச்சு விடுகிற இடத்தில்தான் அவரும் மூச்சு விட்டுப் பழகியிருந்தார். உடம்பு மறந்ததையெல்லாம் மறந்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஓர் அடி பாட்டு, ஒரு கரண்டி கஞ்சி. அப்படித்தான் அவர் தையைத் தாண்டினார்.

ஆகையால் அந்தச் சனிக்கிழமை தோட்டத்தில் வாயில் ஆவி மட்டும் வந்தபோது மற்றவர்கள் மரத்தைப் பார்த்தார்கள், திர்சாள் கீழே தன் வீட்டுக் கூரையைப் பார்த்தாள்.

அவள் அழுதுகொண்டு நிற்கிறவள் இல்லை. கேரட் பெட்டி தள்ளுகிற வண்டியில் மெத்தையைப் போட்டு, அருமைநாயகத்தைத் தூக்கிக் கிடத்தி, கம்பளியால் சுற்றி, காலையும் மாலையும் ஆயர் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். குருவிகள் பாடுகிற நேரத்துக்குக் கஞ்சியை ஆற்றி வைத்துக்கொள்வாள். வாலாட்டி அடியை முடிக்கும், அவர் விழுங்குவார். ஊரும் அதைப் பார்த்துப் பழகியது. "திர்சாக்கா, இன்னைக்குக் கஞ்சியில என்ன," என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அப்படியே போயிருந்தால் கதையே இல்லை. எங்கிருந்தோ மேலேறி வந்த ஒரு காட்டுப்பூனை எபனேசரின் வெள்ளைக்கண்ணியை அடித்தது. இரண்டு சிறகும் ஒரு கால் நகமும்தான் மிச்சம். எபனேசர் அதை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வீட்டுவாசலில் உட்கார்ந்தவன், யார் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டினான். அவன் குரல் அத்தோடு போயே போய்விட்டது என்பது எல்லோருக்கும் விளங்கியது. அன்று பொழுது சாய்வதற்குள் வில்லம்பாறையில் கொசுவலை ஒன்று மிஞ்சவில்லை. தக்காளிப் பெட்டி, ப்ளம்ஸ் கூடை, மீன்தொட்டி, கையில் கிடைத்ததையெல்லாம் கூண்டாக்கி அவரவர் குருவியை அவரவர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் வீட்டுக்கு வீடு கால்வாசிப் பாட்டு. இந்த வீட்டில் பொன்னையாவின் தேன்சிட்டு விடிய விடிய ஒற்றை ஸ்வரத்தில் முனகும், அந்த வீட்டில் சாருடைய பாட்டை வாங்கிக்கொண்ட மைனா தாளம் மட்டும் போடும், பிள்ளைகள் தூக்கம் கெட்டுச் சிணுங்கும். ஆனாலும் யாரும் திறந்துவிடவில்லை.

வாலாட்டியை யாரும் பிடிக்கவில்லை, திர்சாளும் பிடிக்கவில்லை. கூண்டில் போட்டால் மோதி மோதியே செத்துப்போகிற ஜாதி அது. வாய்க்காலோரம் தனியாக நடந்தது. தொடங்கிக் கொடுக்க ஆளில்லாததால் அது பாடவில்லை.

கஞ்சி மறுபடி தலையணைக்குப் போயிற்று. அருமைநாயகத்தின் கன்னம் உள்ளே வாங்கியது. உதட்டில் ஈரத்துணியை வைத்துப் பிழிந்துவிட்டு, திர்சாள் மேட்டுத் தெருவில் இருக்கிற கிருபாவதி வீட்டுக்குப் போனாள். கிருபாவதி வேறு யாருமில்லை, அருமைநாயகத்தின் கூடப்பிறந்த தங்கச்சி.

"கிருபா, உன் குருவியைக் கொஞ்ச நேரம் குடு. கூண்டோட குடு. ஜன்னல்ல வச்சுட்டு, கஞ்சி குடுத்ததும் நானே தூக்கிட்டு வந்துர்றேன்."

"எபனேசர் கதி தெரியும்ல மதினி. வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"கம்பளியப் போத்தி நெஞ்சோட அணைச்சுட்டுப் போறேன்."

"பெரிய வெள்ளிக்கு பிஷப் வர்றாங்க. தனிப்பாட்டு என்னுது."

"உங்கண்ணன் பட்டினி கெடக்காரு."

கிருபாவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு கூண்டுக்குத் தினை போட்டாள். "ஊரே சொல்லுது, உன் பாட்டுக்குத்தான் அண்ணன் தொண்டை இறங்குதாம். சின்னப்பிள்ளையில இருந்து அண்ணன் பக்கத்துல ஒக்காந்து பாடினவ நான். எனக்கு எறங்காத தொண்டை உனக்கு எப்படி எறங்கும்? நெசமா பசிச்சா யார் குடுத்தாலும் குடிப்பாரு. நீ சரியா ஊட்டல."

 திர்சாள் அங்கிருந்து பொன்னையா வீட்டுக்கும் சார் வீட்டுக்கும் போனாள். முதல் குரல் இல்லாமல் அவர்கள் குருவி மட்டும் வந்து என்ன செய்யும் என்றார்கள், அதுவும் நியாயந்தான். ஆயர் தன் வீட்டில் அவளோடு சேர்ந்து முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினார், கண்ணீர்கூட விட்டார். ஆனால், "அவங்க வீட்டுக் குருவியை நான் எப்படிம்மா கொண்டான்னு சொல்லமுடியும்," என்றார்.

திரும்பி வருகிறபோது காசிம் பாய் அவளுக்கு ஒரு டீயை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

"தங்கச்சி, ஒண்ணு சொன்னா வருத்தப்படாத. வாலாட்டி நம்ம ஊர்க் குருவி இல்ல. பனிக்கு வர்றது, பனி முடிஞ்சா வடக்க போயிரும். நேத்துலேர்ந்து காத்து மாறிருச்சு. பார்த்தியா, வாய்க்கால்ல மத்ததெல்லாம் காணோம்."

திர்சாள் டீக்கிளாசை மேஜைமேல் வைத்தாள். வெயில் உறைத்தது. அவ்வளவு நாளும் எந்த வெயிலுக்காக ஊரே ஏங்கிக்கொண்டிருந்ததோ அந்த வெயில். புல்லில் பனி இல்லை. அவள் கோயில் மணியை அண்ணாந்து பார்த்தாள்.

வில்லம்பாறையில் ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு வீட்டுக்காரர்கள் வந்து கூப்பிட வேண்டும், சாவுக்கு மணியே கூப்பிடும். கோயில் மணி விட்டு விட்டு அடித்தால், அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு, வெட்டுப்பழி குத்துப்பழியாக இருந்தாலும் வாசலில் வைத்துவிட்டு, பாடகர் குழு அந்த வீட்டுக்குப் போய்க் கட்டிலைச் சுற்றி நின்று பாடவேண்டும். பாட்டு முடிகிறவரை யாரும் பேசக்கூடாது, யாரும் வெளியே போகக்கூடாது. பாடாமல் ஒரு மனுஷனை அனுப்பிவிட்டால் அவன் மண்ணுக்குள் புரண்டு புரண்டு படுப்பான் என்று பயம். இதை மீறினவர்கள் அந்த ஊரில் கிடையாது.

திர்சாள் வீட்டுக்குப் போனாள். அருமைநாயகத்தின் தலையை வாரிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, நாடியைத் துணியால் கட்டாமல் விட்டு, முகத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைப் போர்த்தினாள். மூச்சுக்குத் துணி லேசாக ஏறி இறங்கியது. அவர் காதில், "கொஞ்ச நேரம் செத்திருங்க," என்று சொல்லிவிட்டு, கஞ்சியை அடுப்பில் வைத்து, தணலைக் குறைத்து, நேரே கோயிலுக்குப் போய் மணிக்கயிற்றைப் பிடித்தாள். நட்ட நடுப்பகல். ஓர் அடி. நிறுத்தினாள். இன்னோர் அடி. நிறுத்தினாள். கயிறு உள்ளங்கையை அறுத்தது, தன் புருஷனுடைய சாவைத் தன் கையால் இழுத்து இழுத்து ஊருக்குச் சொன்னாள். அப்படிச் சொல்லும்போது அது பொய்யா, கொஞ்சம் முந்திச் சொன்ன நிஜமா என்று அவளுக்கே தெரியவில்லை.

வந்தார்கள். குருவி இல்லாமல் பாடமுடியாதே, ஆகவே கூண்டும் கையுமாக வந்தார்கள். கொசுவலை கட்டின பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னையா வந்தான், மைனாவோடு சார் வந்தார், எபனேசர் தீப்பெட்டியோடு வந்து தன் இடத்தில் நின்றான். கிருபாவதி மேட்டுத் தெருவிலிருந்து மாரில் அடித்துக்கொண்டே வந்தாள், ஆனாலும் அடிக்கிற கை ஒரு கைதான், மற்ற கையில் கூண்டு. "எப்பம்மா பிரிஞ்சது," என்று ஆயர் கேட்டார். திர்சாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

சார் கையைத் தூக்கினார். கொண்டைக்குருவி தொடங்கியது. மைனா சேர்ந்தது, தேன்சிட்டு அடியில் போய்த் தாங்கியது, எபனேசரின் குரல் இருக்கவேண்டிய இடம் பல் விழுந்த இடம் மாதிரி காலியாக இருந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். வாய்க்காலிலிருந்து ஒரு மஞ்சள் கோடு பறந்து வந்து ஜன்னல் கட்டையில் இறங்கி, வாலை ஆட்டி, அந்தத் தொலைந்த ஆட்டைத் தேடுகிற பாட்டைத் தொடங்கியது.

திர்சாள் முகத்துணியை விலக்கினாள். கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தாள். வாலாட்டி அடியை முடித்தது. அருமைநாயகம் விழுங்கினார்.

முதலில் பார்த்தது கிருபாவதி. அவள் வாய் திறந்தது. பேசக்கூடாதே, திறந்த வாய் திறந்தபடி நின்றது. அடுத்த கரண்டி. அடுத்த அடி. அண்ணனுடைய தொண்டை ஏறி இறங்குவதையும், அது தன் குருவியின் அடியில் இறங்காமல் அந்தப் பிச்சைக்காரக் குருவியின் அடியில் இறங்குவதையும் அவள் கண்ணால் பார்த்தாள். ஒருவர் கண்ணைத் திறக்க, இன்னொருவர் திறக்க, கடைசியில் எல்லோரும் செத்தவர் கஞ்சி குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜோதிமாணிக்கம் சாருக்கு நிறுத்துகிற இடம் தெரிந்தது, ஆனால் கிண்ணத்தில் கஞ்சி இன்னும் இருந்தது. அவர் கையை இறக்காமல், பாட்டை முதலிலிருந்து எடுத்தார்.

முடிந்த பிறகு ஆயர்தான் பேசினார். "சாவு மணி அடிச்சிட்டியே திர்சாள்."

"ஆமாங்கய்யா, அடிச்சாச்சு. நம்ம ஊர்ல அடிச்ச மணியைத் திரும்ப வாங்கின வழக்கம் உண்டாங்கய்யா?"

ஆயர் யோசித்தார். இல்லை.

"அப்போ செத்த வீடுதான். செத்த வீட்டுக்குச் சாயங்காலம் சாயங்காலம் கொயர் வந்து ஆறுதல் ஜெபம் பாடணும்ல. நாளைக்கு வாங்க. குருவியைக் கொண்டாங்க."

வந்தார்கள். சாயங்காலமானால் கூண்டுகளோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்று, நல்ல மனுஷனாக இருந்தார், கோள் சொல்ல மாட்டார், கடைசிவரை கோயிலுக்குத் தவறவில்லை என்று அருமைநாயகத்தைப் பற்றி அவர் முன்னாலேயே பேசினார்கள். அவர் ஒருபக்கக் கண்ணால் பார்த்துக்கொண்டு கஞ்சி குடித்தார். "அண்ணன் உசுரோட இருந்தப்ப இவ்வளவு கஞ்சி குடிச்சதில்ல," என்றான் பொன்னையா. யாரும் கடிந்துகொள்ளவில்லை, கிருபாவதிகூடச் சிரித்தாள், சிரித்துவிட்டு அழுதாள். கடைசி ஜெபத்தன்று அவள் தன் கூண்டை ஜன்னலோரம் ஆணியில் மாட்டினாள்.

"இது இங்கயே இருக்கட்டும் மதினி. பிஷப்புக்கு வேற யாராவது பாடட்டும்."

"தினை எவ்வளவு போடணும்?"

"பார்த்துப் போடு. அது கேக்கும்."

திர்சாள் தலையை ஆட்டினாள். அவள் கண் கூண்டில் இல்லை, ஜன்னல் கட்டையில் இருந்தது. வாய்க்காலில் மற்ற வாலாட்டிகள் போய் எத்தனையோ நாளாகிவிட்டது. பாட்டுக் கேட்டுக் கேட்டு இது ஒன்று மட்டும் நின்றுகொண்டிருந்தது. இரை எடுக்கவில்லை, நெஞ்செலும்பு கத்தி மாதிரி தெரிந்தது. வடக்கே முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஒருமுறை எழும்பி ஒருமுறை அமர்ந்தது. காற்று சூடாக உள்ளே வந்தது. போகவிடு என்று அது கேட்பது அவளுக்கு விளங்கியது, தன் குரல் பேசுவது தனக்கு விளங்காதா. கட்டிலைப் பார்த்தாள். அருமைநாயகம் அடுத்த கரண்டிக்கு வாயைக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருந்தார்.

சார் கையைத் தூக்கினார். கடைசிப் பாட்டு. கிருபாவதி பூமாலை கட்டின நூலை வெட்டுவதற்குக் கொண்டுவந்த கத்தரிக்கோல் கட்டில் ஓரத்தில் கிடந்தது. எல்லோரும் வழக்கப்படி கண்ணை மூடினார்கள். கொண்டைக்குருவி தொடங்கியது, வாலாட்டி உள்ளே வந்தது. திர்சாள் ஜன்னலிடம் போய், இடது கையை நீட்டி, அதை எடுத்தாள். அது பயப்படவில்லை, வேறு யார் கையாக இருந்தாலும் பறந்திருக்கும். உள்ளங்கைக்குள் பாடிக்கொண்டே இருந்தது. வலது சிறகை விரித்தாள், நீளமான இறகுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள், அவை சத்தமில்லாமல் தரையில் விழுந்தன. அடி இன்னும் முடியாததால் வாலாட்டி பாட்டை நிறுத்தவில்லை. அதைத் தரையில் இறக்கிவிட்டு, கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கரண்டியை எடுத்து, அது மூச்சு விடப்போகிற இடத்துக்குச் சரியாகப் புருஷன் வாயில் கஞ்சியை ஊற்றினாள்.